ஐம்பது காசுக் காப்பியும் அச்சிறுபாக்கம் ஆம்புலன்சும்

கடற்கரைத் தள்ளுவண்டியிலிருந்து ஓட்டல் அதிபராக உயர்ந்த திருமதி பெட்ரீஷியா நாராயண்

ஒரகடம் நாற்சந்தியில் ஷிப்டு மாறும் நேரத்தில் போய் நின்றால் அது ஒரு திருவிழாக் கூட்டம்தான். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் குறுக்கிடும் இடம் அது. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து திரும்பும். மதுராந்தகம், செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து இளைஞர்களும் இளம் பெண்களும் ஜன்னலோரத்தில் கண்ணயர்ந்து கிடப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் கையில் சோற்றுத் தூக்கு இருக்காது. சாப்பாடு தொழிற்சாலைக்குள்ளேயே கிடைத்துவிடும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010இலும், டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. ஏரியும் வயலுமாக இருந்த சீமை, இப்படிப் பத்துப் பதினைந்து வருஷத்தில் ஆலைச் சீமையாகிவிட்டது. இதையெல்லாம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றன. காரின் விலையை எழுதினார்கள். லாரியின் வேகத்தை எழுதினார்கள். அந்த ஆலைகளுக்குள் கொதிக்கும் சாம்பார் அண்டாவைப் பற்றி யார் எழுதினார்கள்?

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கான்டீன் வைக்கும்படி கட்டளையிட சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம். அன்று முதல் கான்டீன் என்பது தனியே ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. எளிதான தொழில் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஷிப்டுக்கு 1,000 பேர், ஆளுக்கு 4 இட்லி என்றால் 4,000 இட்லி. இடைவேளை மணி அடிக்கும்போது அத்தனையும் சூடாக இருக்க வேண்டும். ஓட்டலுக்கு வருகிறவர் கால் மணி நேரம் காத்திருப்பார். ஆலைத் தொழிலாளி எப்படிக் காத்திருப்பார்? மணி அடித்தால் அவர் தம் இடத்தில் இருந்தாக வேண்டுமே!

இந்தத் தொழிலில் தமிழ்நாட்டில் பெயர் எடுத்த பெண்மணி ஒருவர் உண்டு. அவர் தொழில் கற்ற பள்ளிக்கூடம், சென்னை மெரினா கடற்கரை மணல். முதல் நாள் வியாபாரம் ஐம்பது காசு. தொழிலில் அவர் ஜெயித்தது ஒரு கதை. ஒரு நெடுஞ்சாலை அவரிடமிருந்து பறித்துக்கொண்டதற்குப் பிறகு, அந்தச் சாலைக்கே அவர் என்ன கொடுத்தார் என்பது வேறொரு கதை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் திருமதி பெட்ரீஷியா நாராயணைப் பற்றிச் சொன்னதாகும்.

கல்லூரி வாசலில்...

பெட்ரீஷியாவின் குடும்பம் நாகர்கோவிலைச் சேர்ந்தது. ஆசாரமான கிறிஸ்தவக் குடும்பம். தகப்பனார் தபால் தந்தி இலாகாவில் உத்தியோகம். தாயாரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தான், டெலிபோன் இலாகாவில். மூன்று குழந்தைகளில் மூத்தவர் பெட்ரீஷியா. பெண்ணைப் படிக்க வைத்து நல்ல நிலையில் பார்க்க வேண்டும் என்பதுதான் பெற்றோரின் எண்ணம். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் சேர்த்தார்கள்.

கல்லூரிக்கு எதிரே சிற்றுண்டிக் கடை நடத்தி வந்தவர் நாராயண். அவர் பிராமணர், இவர் கிறிஸ்தவப் பெண். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் நடந்தது. விஷயம் வெளிப்பட்டபோது இரண்டு வீட்டிலும் புயல்தான். பெட்ரீஷியாவின் படிப்பு நின்றது. தம்பதிகள் தனிக்குடித்தனம் போனார்கள்.

குடித்தனம் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. கணவர் குடிக்கும் போதை மருந்துக்கும் அடிமை! வேலை நிலைக்கவில்லை. கையில் காசு நிற்கவில்லை. கேட்டால் அடி உதை. பெட்ரீஷியா அம்மையாரே பின்னாளில் இவற்றை ஒளிவு மறைவின்றிப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு பையன், ஒரு பெண் என்று இரண்டு குழந்தைகள் வேறு.

போக்கிடம் எது? பிறந்த வீடுதான். தகப்பனார் மகளை மன்னிக்கவில்லை. ஆனால் வீட்டுக் கதவை அடைக்கவும் இல்லை. தங்க இடம் கொடுத்தார். நம் வீடுகளில் கோபக்காரத் தகப்பன்மார் பலரும் இப்படித்தான். பேச்சு வார்த்தை இருக்காது, சாப்பாட்டு இலை மட்டும் போட்டிருக்கும்.

தாயின் ஆபீஸ் பை

பெட்ரீஷியாவுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று, சமையல். தாயார் கொடுத்த சில நூறு ரூபாயை முதலாக வைத்து ஊறுகாய், ஜாம், ஸ்குவாஷ் என்று செய்தார். அவற்றைத் தாயார் தம் ஆபீசுக்கு எடுத்துப் போனார். ஒரே நாளில் அத்தனையும் விற்றுப் போயிற்று. வந்த பணத்தில் மறுபடி சரக்கு வாங்கி, மறுபடி செய்தார்.

இங்கே அந்தத் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் தவறு. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்ட மகள். சாதி, மதம் எல்லாம் மாறிய கல்யாணம். அதுவும் முறிந்த நிலை. ஆபீசில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருக்க மாட்டார்களா? அந்த நாலு பேரிடமே மகளின் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோய் விற்றார் அந்த அம்மாள்.

அப்போது தகப்பனாரின் நண்பர் ஒருவர், உடல் குறைபாடுள்ளவர்களுக்கான பள்ளியை நடத்தி வந்தார். அங்கிருந்து தள்ளுவண்டிகள் கொடுக்க ஏற்பாடு இருந்தது. ஒரு நிபந்தனை: வண்டி வாங்குகிறவர், உடல் குறைபாடுள்ள இருவருக்குக் காப்பி, டீ போடக் கற்றுக்கொடுத்து வேலையும் கொடுக்க வேண்டும். பெட்ரீஷியா சம்மதித்தார். தம் வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடிய பெண், வண்டி கிடைக்கும்போதே வேறு இருவரின் வயிற்றுப்பாட்டையும் தலையில் ஏற்றுக்கொண்டார்.

வண்டி கிடைத்துவிட்டது. அதை நிறுத்த இடம்? மெரினாவில் வண்டி நிறுத்தப் பொதுப்பணி இலாகாவின் அனுமதி வேண்டும். சர்க்கார் ஆபீசில் ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு நகர எவ்வளவு நாளாகும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. ஒரு வருஷம்! கோட்டைக்கும் வீட்டுக்கும் அலைந்து, கடைசியில் அனுமதி வாங்கினார்.

ஒரே ஒரு காப்பி

1982ஆம் வருஷம் ஜூன் மாதம். அண்ணா சதுக்கத்துக்கு அருகே வண்டி நின்றது. தாம் படித்த கல்லூரி அதே கடற்கரைச் சாலையில்தான், தெற்கே சிறிது தூரத்தில் இருக்கிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போக பக்கத்து ரிக்ஷாக்காரர்கள் கை கொடுத்தார்கள்.

மாலை வந்தது, ஜனங்கள் வந்தார்கள், போனார்கள். இரவு கடை கட்டும்போது எண்ணிப் பார்த்தால், விற்றது ஒரே ஒரு காப்பி. வரவு ஐம்பது காசு.

பெட்ரீஷியா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார். இது நமக்குச் சரிப்படாது என்று தாயாரிடம் சொன்னார். தாயாரோ வேறு விதமாகக் கணக்குப் பார்த்தார். ஒரு காப்பியாவது விற்றதே, அது நல்ல சகுனம்தானே, நாளைக்குப் பார் என்று தேற்றி அனுப்பினார்.

அந்த நாளை வந்தது. மறுநாள் வியாபாரம் அறுநூறு, எழுநூறு ரூபாய்!

வெறும் காப்பி, டீயோடு நின்றிருந்தால் அந்த வண்டி ஆயிரத்தில் ஒன்றாகப் போயிருக்கும். மெரினாவில் சுண்டல்காரர்களுக்கும் முறுக்குக்காரர்களுக்கும் பஞ்சமா? பெட்ரீஷியா கட்லெட் போட்டார், சமோசா போட்டார், பஜ்ஜி போட்டார், பழரசம் பிழிந்தார், பிறகு ஐஸ்கிரீமும் வைத்தார். வீட்டில் எப்படிச் செய்வாரோ அப்படியே வண்டியிலும். பிற்பகல் மூன்று மணிக்கு வந்தால் இரவு பதினொரு மணி வரை நிற்க வேண்டும். கடற்கரையில் தனியாக நிற்கும் பெண் என்று யாரும் தொந்தரவு செய்ததில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். சென்னைவாசிகள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். அந்த வண்டியை அவர் 2003 வரை விடவில்லை. இருபத்தோரு வருஷம்! அதற்குள் பெரிய பெரிய கான்டீன்கள் வந்துவிட்டன, ஓட்டலும் வந்துவிட்டது. ஆனாலும் வண்டி அங்கேயே நின்றது.

கடற்கரையில் நடந்து போகிறவர்களில் பலர் பெரிய உத்தியோகஸ்தர்கள். குடிசை மாற்று வாரியத்தின் அதிகாரி ஒருவர் பெட்ரீஷியாவின் பலகாரத்தைச் சாப்பிட்டுப் பார்த்தார், வேலையையும் கவனித்தார். வாரியத்தின் ஆபீஸ் அதே கடற்கரைச் சாலையில்தான். அங்கே கான்டீன் நடத்தக் கூப்பிட்டார். அடுக்களையோடு கூடிய கான்டீன்! தலைக்கு மேல் ஒரு கூரை!

பிறகு பாங்க் ஆப் மதுராவில் ஒரு கான்டீன், முந்நூறு பேருக்கு. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவார். பகலெல்லாம் கான்டீன்கள். மூன்றரை மணிக்குக் கடற்கரை. வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி பதினொன்று தாண்டியிருக்கும். இதற்கிடையில் குழந்தைகளின் படிப்பு. இதற்கிடையில் கணவரின் தொல்லை.

கடைசி நிறுத்தம்

ஒரு நாள் வீட்டில் பெரிய சண்டை. பெட்ரீஷியா வீட்டை விட்டு வெளியே வந்தார். எதிரில் வந்த பஸ்ஸில் ஏறினார். எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாது. பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது, இறங்கினார்.

அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி. தேசியத் துறைமுக நிர்வாகப் பயிற்சி நிலையம் அங்கே இருந்தது. (2008இல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அதோடு இது சேர்ந்துவிட்டது.) கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இங்கே சாப்பாட்டு ஏற்பாட்டுக்கு ஆள் வேண்டுமா என்று விசாரித்தார். என்ன ஆச்சரியம்! அப்போதிருந்த கான்டீன்காரரிடம் நிர்வாகத்துக்குத் திருப்தி இல்லை. புதிய ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

எழுநூறு மாணவர்கள். நாளுக்கு மூன்று வேளை. முந்நூறு பேருக்குச் சமைப்பவர் எழுநூறு பேருக்குச் சமைக்கக் கூடுதலாக அண்டா வாங்கினால் போதும் என்று தோன்றும். அப்படியல்ல. பாங்கில் ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. விடுதியில் ஏது? பாங்க் குமாஸ்தாவுக்குச் சாப்பாடு பிடிக்காவிட்டால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவார்; விடுதி மாணவன் எங்கே போவான்? வாரம் முழுவதும் ஒரே குழம்பு வைத்தால் தட்டைத் தட்டிவிடுவான். கொள்முதல், பண்டக அறை, ஆள்கட்டு, தண்ணீர், விறகுக்குப் பதில் காஸ், எல்லாவற்றுக்கும் முறை வகுத்தாக வேண்டும்.

முதல் வாரக் கணக்கு முடிந்து கையில் வந்த தொகை ரூ.80,000. அதுவரை நூறு, ஆயிரம் என்று எண்ணிப் பழகிய கைகள்! 1998 வரை அந்த நிலையத்துக்குச் சாப்பாடு போட்டவர் பெட்ரீஷியாதான்.

அந்த வருஷம் சங்கீதா ஓட்டல் ஸ்தாபனத்தார் நெல்சன் மாணிக்கம் சாலைக் கிளையில் அவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார்கள். கணவர் நாராயண் 2002இல் காலமானார். இத்தனை வருஷமும் அவர் எத்தனையோ தடவை வீட்டை விட்டுப் போனதும் உண்டு, திரும்பி வந்ததும் உண்டு. பெட்ரீஷியா அவரைக் கைவிட்டதில்லை. அது சரியா என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். கேட்கட்டும்; அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவரே.

மகன் கப்பல் வேலைக்குப் போனார். மகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு தாய்க்கு வேறு என்ன வேண்டும்?

கார் டிக்கியில்...

2004ஆம் வருஷம். கல்யாணமாகி ஒரு மாதம்தான். மகளும் மருமகனும் போன கார், அச்சிறுபாக்கத்துக்கு அருகே விபத்துக்குள்ளானது. இருவரும் மாண்டார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் பார்த்தார்கள். உயிர் இல்லை என்று தெரிந்ததும், பிணங்களை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சாலையில் கிடந்த உடல்களை யாரோ ஒரு புண்ணியவான் தம் காரின் டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

அந்த டிக்கியிலிருந்து மகளின் உடலை இறக்கியதைப் பெட்ரீஷியா பார்த்தார்.

இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள்கூட அடுப்பை அணைக்காத அந்தப் பெண்மணி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குள் முடங்கிவிட்டார். கடையைப் பார்க்க மகன் வந்தார்.

ஆம்புலன்ஸ்காரர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். ஆம்புலன்ஸ் உயிரைக் காப்பாற்ற ஏற்பட்ட வண்டி. பிணத்தை ஏற்றிக்கொண்டு அது ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் நேரத்தில், வேறொரு திருப்பத்தில் உயிருக்குத் துடிக்கிறவர் இருக்கலாம். தவிர, விபத்தில் இறந்தால் போலீஸ் விசாரணை, பிரேத பரிசோதனை எல்லாம் உண்டு. எதற்கு வம்பு என்று டிரைவர் நினைப்பார். எல்லாம் சரி. ஆனால் நடுச்சாலையில் கிடக்கும் உடலுக்குத் துணி போர்த்தி, அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டுமா, வேண்டாமா? அதற்கு அந்த விதிகளில் இடம் இல்லை. பெட்ரீஷியாவுக்கு அகப்பட்டது அந்த இடைவெளி.

அச்சு இற்ற ஊர்

அச்சிறுபாக்கம் சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில், மதுராந்தகத்தையும் மேல்மருவத்தூரையும் தாண்டினால் வருகிற ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். சிவபெருமான் திரிபுரத்தை எரிக்கத் தேரேறிப் புறப்பட்டபோது, பிள்ளையாரை நினைக்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு இற்றுப் போயிற்றாம். அச்சு இற்ற இடம் அச்சிறுபாக்கம். வண்டி ஓடிய காலந்தொட்டு அச்சு முறிவதும் உண்டு போலிருக்கிறது! ஆனால் புராணத்து அச்சு முறிந்ததில் யாருக்கும் காயமில்லை.

இந்தச் சாலைக்கு இரவு பகல் கிடையாது. தென்மாவட்டங்களுக்குப் போகிற பஸ், லாரி, கார் எல்லாம் இதில்தான். சிங்கப்பெருமாள்கோயிலில் திரும்பினால் ஒரகடத்து ஆலைகளுக்கு வழி. ஆலைகளின் சரக்கு லாரிகளும் தெற்கே போவதானால் இந்தச் சாலையைத்தான் பிடிக்க வேண்டும். 2004இல் இந்த மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் என்ற பேச்சே இல்லை. அந்த ஏற்பாடு வந்தது 2008 செப்டம்பரில்தான். அதற்கு முன்னால் விபத்தில் சிக்கியவரின் கதி, அந்த வழியாகப் போகிறவரின் மனசைப் பொறுத்திருந்தது.

மகள் விழுந்த அந்த இடத்துக்கு ஓர் ஆம்புலன்சை நிறுத்தினார் பெட்ரீஷியா. அடிபட்டவருக்கு உயிர் இருந்தாலும் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டாலும் ஏற்ற வேண்டும்! அதுதான் அவர் போட்ட நிபந்தனை. முன்பு தள்ளுவண்டிக்காக ஒரு நிபந்தனையை அவர் ஏற்றார். இப்போது வண்டி கொடுத்து ஒரு நிபந்தனை விதித்தார்.

பணம் இருப்பவர்கள் இறந்தவர் பேரில் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் மின்விசிறி மாட்டி அதன் இறக்கையில் பேர் எழுதி வைப்பார்கள். அதுவும் தர்மம்தான். ஆனால் இந்தத் தாய் கண்ட காட்சியை இன்னொரு தாய் காணக்கூடாது என்பதற்கு மண்டபம் உதவாது.

மகள் பேரில் ஓட்டல்

மெல்ல மெல்ல அவர் வெளியே வந்தார். 2006இல் மகனும் தாயுமாகச் சேர்ந்து ஓர் ஓட்டல் திறந்தார்கள். மகளின் நினைவாக அதற்குச் 'சந்தீபா' என்று பெயர் வைத்தார்கள். பிறகு கிளைகள் வந்தன. 2010இல் ஃபிக்கி எனப்படும் இந்திய வர்த்தக, தொழில் சபைகளின் சம்மேளனம் அவருக்கு அந்த ஆண்டின் சிறந்த தொழில் முனைவோர் விருதைக் கொடுத்தது. டில்லிக்காரர்களுக்கும் அப்போதுதான் மெரினா வண்டியின் கதை தெரிந்தது.

அந்தச் சமயத்தில் அவர் சொன்ன கணக்கு வேடிக்கையானது. இரண்டு பேரோடு தொடங்கினேன், இப்போது 200 பேர். சைக்கிள் ரிக்ஷாவில் போனேன், பிறகு ஆட்டோ, இப்போது சொந்தக் கார். ஒரு நாளைக்கு ஐம்பது காசு வரவு, இப்போது 2 லட்சம் ரூபாய். இப்படிக் கணக்குச் சொன்னாரே தவிர, யாரிடமும் தொழில் நிர்வாகம் படித்ததாக அவர் சொன்னதில்லை. கடற்கரை வண்டிதான் தமக்கு எம்.பி.ஏ. படிப்பு என்பார்.

அந்தப் படிப்பில் அவர் கற்றது என்ன? அடுத்தவருக்குப் போடும் சோறு தன் வீட்டுச் சோறாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கைப்பேசி ஆலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட சாப்பாடு விஷமாகிவிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். டிசம்பர் 17ஆம் தேதி இரவு அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள்தான் சாலை திறந்தது. ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. உலகமெல்லாம் விலைபோகும் கைப்பேசியைச் செய்கிற ஆலையை நிறுத்தியது, ஒரு வேளைச் சோறு! பிறகு சர்க்காரே முன்வந்து வல்லம் வடகாலில் அப்பெண்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட பெரிய விடுதியைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. அவ்வளவு பேருக்குத் தினமும் சமைப்பது என்றால் லேசா?

ஒரே நாளில் இரண்டு

நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்திருந்த அதே டிசம்பர் 18ஆம் தேதி, இன்னொரு நெடுஞ்சாலையில் இன்னொரு காரியம் நடந்தது. அச்சிறுபாக்கத்துக்குப் பக்கத்து ஊரான மேல்மருவத்தூரில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கி வைத்தார். சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராயினும் சரி, முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சர்க்கார் செலவு என்று அப்போது அறிவித்தார்கள். தனியார் ஆஸ்பத்திரியும் பணம் கட்டினால்தான் ஆச்சு என்று சொல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உதவி செய்யப் போனால் கோர்ட்டுக்கு அலைய வேண்டுமே என்ற பயமும் இப்போது வேண்டியதில்லை. அடிபட்டவருக்குக் கை கொடுப்பவரை போலீசார் இம்சிக்கக்கூடாது என்ற வழிகாட்டு முறைகளைச் சுப்ரீம் கோர்ட்டு 2016இல் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அன்று அச்சிறுபாக்கத்தில் டிக்கியைத் திறந்துவிட்ட அந்தப் பெயர் தெரியாத மனிதருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இறந்தவர்களுக்கும் இப்போது ஓரளவு வழி பிறந்திருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் வரும். செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்துகிறார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. விழுந்த இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை உள்ள தூரத்துக்குப் போலீசார் அந்த நேரத்தில் எந்த வண்டியைப் பிடிக்கிறார்களோ அதுதான். பெட்ரீஷியா அம்மையார் தம் ஆம்புலன்சை நிறுத்தியது அந்தத் தூரத்துக்காக.